அடியில் ஓடிய தண்ணீர்: ஸ்னோ லேக் ஜூன் நடை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூன் மாத மலைநடை ஒன்றில், பனி உடைந்து நண்பர் ஒருவர் அடியில் ஓடிய ஓடைக்குள் போய்விட்ட நாளைப் பற்றியது இது. இதில் வரும் மற்ற ஐந்து பேரும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று சேர்ந்தே முடிவு செய்தோம். நடையை ஏற்பாடு செய்தது நான். தவறான முடிவுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

பின்னணி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே சுமார் 50 மைல் தொலைவில், ஐ-90 நெடுஞ்சாலை காஸ்கேட் மலைத்தொடரைக் கடக்கும் இடம் ஸ்னோக்வால்மி கணவாய். உயரம் 3,022 அடி. அங்கிருந்து சற்று உள்ளே அல்பென்டல் என்ற பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. அதன் கார் நிறுத்துமிடத்துக்கு எதிரில் ஸ்னோ லேக் பாதை தொடங்குகிறது. போய்வர ஏழு மைல். பாதை ஒரு பள்ளத்தாக்கின் பக்கச் சரிவிலேயே மெல்ல ஏறி, கடைசியில் வளைந்து வளைந்து 4,400 அடி உயரமுள்ள முகட்டைத் தொட்டு, மறுபுறம் சுமார் 400 அடி இறங்கினால் ஏரி. பின்னால் சேர் பீக் சுவர் போல நிற்கும். சியாட்டில் பக்கம் குடியேறிய தமிழர்களில் மலை ஏறிப் பழக்கமில்லாதவர்கள்கூட ஒருமுறையாவது போய்வந்திருக்கும் ஏரி இது. நானே நான்கு முறை போயிருக்கிறேன். நான்கும் ஆகஸ்ட், செப்டம்பரில். இந்த ஒரு விஷயம் பின்னால் முக்கியமாகிறது.

கணவாயில் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து மீட்டர் அளவுக்குப் பனி விழுகிறது. நகரத்தில் எல்லாரும் அரைக்கைச் சட்டைக்கு மாறிவிடும் ஜூன் தொடக்கத்தில், மேலே பாதையின் பாதி இன்னும் பனிக்கு அடியில் கிடக்கும். ஜூலை வந்தால்தான் முழுப் பாதையும் வெளியே வரும். சில வருடம் அதற்கும் மேல் ஆகும்.

நாங்கள் ஆறு பேர். நான், 33 வயது நண்பர் ஒருவரும் அவர் மனைவியும், முதுகலை படிக்கும் 24 வயது மாணவர், இன்னொரு நண்பரும், மூன்று மாதம் மகனோடு இருக்க ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அப்பாவும். அப்பாவுக்கு 63 வயது. காவிரிப் பாசனப் பகுதியில் நாற்பது வருடம் நெல் விவசாயம் பார்த்தவர். நடையில் எங்களில் யாருக்கும் அவர் சளைத்தவர் இல்லை. பனியில் கால் வைத்தது மட்டும் அன்றுதான் முதல் முறை.

புறப்படும் முன் தெரிந்திருந்தவை

வெள்ளிக்கிழமை இரவு, பாதையில் போய்வந்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்தேன். ஆறு நாள் முன்பு ஒருவர், முதல் ஒரு மைல் காய்ந்த தரை, அதற்கு மேல் பனித்திட்டுகள், முகட்டுக்கு முன் முழுப் பனி என்று எழுதியிருந்தார். மைக்ரோஸ்பைக்கும் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியின் மேல் மாட்டும் சிறு இரும்பு முட்கள்) கம்பும் போதும் என்பது அவர் கருத்து. அதை நாளைய நிலவரம் என்றே எடுத்துக்கொண்டேன். ஜூன் மாதத்தில் ஆறு நாள் என்பது பனிக்கு நீண்ட காலம்.

வானிலையும் பார்த்தேன். மேகமூட்டம், லேசான தூறல், பகலில் பத்து டிகிரி செல்சியஸ். மழை பெரிதாக இல்லை, நல்லது என்று தோன்றியது. இரவு வெப்பநிலையை நான் பார்க்கவே இல்லை. வானம் தெளிவாக இருக்கும் இரவில் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை இழந்து இறுகிவிடும். காலையில் அதன் மேல் நடந்தால் கால் உள்ளே போகாது. மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் வெளியேறாது. போர்வைக்குள் இருப்பது போல, பனி இறுகாமல் இரவு முழுவதும் உருகிக்கொண்டே இருக்கும். அந்த வாரம் மூன்று இரவுகள் அப்படித்தான் இருந்தன. இதெல்லாம் பின்னால் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது.

கார் நிறுத்துமிடத்தில்

ஏழு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. கிளம்பும்போது எட்டே கால். ஒன்பதே முக்காலுக்கு நடக்கத் தொடங்கினோம். ஆறு பேருக்கு நான்கு ஜோடி மைக்ரோஸ்பைக். 33 வயது நண்பர் ஜீன்ஸ் போட்டிருந்தார். அப்பா சாதாரண நடைக் காலணியோடு வந்திருந்தார், கழுத்தில் துண்டு. மாற்றுடை என்று சொல்லிக்கொள்ள, என் பையில் ஒரு கம்பளி மேல்சட்டையும், மாணவரின் பையில் ஒரு மழைக்கால்சட்டையும். ஒரு பிளாஸ்க் நிறைய சர்க்கரை தூக்கலான காபியும் புளியோதரைப் பொட்டலங்களும் நண்பரின் அம்மா கொடுத்தனுப்பியது.

எதுவரை போகலாம் என்று மாணவர் கேட்டார். "போய்ப் பாப்போம், பனி ரொம்ப இருந்தா திரும்பிடலாம்" என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். எவ்வளவு இருந்தால் 'ரொம்ப' என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் ஒன்றரை மைல்

முதல் மைல் நல்ல பாதை. பிறகு, குளிர்காலத்தில் பனிச்சரிவு இறங்கும் ஓடைத்தடங்கள் வரிசையாகப் பாதையைக் குறுக்கே வெட்டின. ஒடிந்த மரக்கிளைகளோடு அழுக்குப் பனி அங்கங்கே குவிந்து கிடந்தது. முதல் திட்டில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அடுத்ததில் வேகம் குறைந்தது. நான்காவது திட்டுக்கு வரும்போது அப்பாவின் காலணி முழுக்க ஈரம். "ஈரம் எனக்குப் பழக்கம்தானேப்பா" என்று சிரித்தார். சேற்றில் நாற்றங்கால் மிதித்த கால் என்று நானும் விட்டுவிட்டேன். வயல் ஈரமும் பனி ஈரமும் வேறு வேறு என்று அப்போது தோன்றவில்லை.

சுமார் 1.7 மைலில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று, ஸ்னோக்வால்மி ஆற்றின் தென்கிளை பிறக்கும் சோர்ஸ் ஏரிப் பக்கம் போகிறது. மற்றது வலப்பக்கமாக ஏறி முகட்டுக்குப் போகிறது. பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்பு அங்கே வந்தோம். பலகையும் பாதையும் பனிக்கு அடியில் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்தது காலடித் தடம் மட்டும். நன்றாக மிதிபட்ட அகலமான தடம், பக்கச் சரிவை விட்டு இறங்கி, பள்ளத்தாக்கின் நடுவே நேராகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் போன மூவரும் அதில் இறங்கினார்கள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

அந்தத் தடம் என்ன என்று இப்போது தெரியும். குளிர்காலத்தில் பக்கச் சரிவில் நடப்பது பனிச்சரிவு ஆபத்து என்பதால், போகிறவர்கள் பள்ளத்தாக்கின் அடிவழியாகப் போவார்கள். ஓடை பல அடிப் பனிக்குக் கீழே இருக்கும். அதன் மேலேயே தாண்டிப் போவார்கள். வசந்தத்திலும் அதே தடத்தில் ஆட்கள் நடப்பதால் தடம் அழியாமல் இருக்கும். மேலே தடம் அப்படியே இருக்க, கீழே ஓடை வெப்பமாகி, பனியை அடியிலிருந்து அரித்துக்கொண்டே வரும். என் போனில் வரைபடம் இருந்தது. எடுத்துப் பார்த்திருந்தால் அதில் இருந்த பாதைக் கோட்டிலிருந்து நாங்கள் நன்றாக விலகிப் போனது தெரிந்திருக்கும். தடம் கண்ணெதிரே இருக்கும்போது வரைபடம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஓடைக்கரை

பதினொன்று ஐம்பது இருக்கும். முன்னால் 33 வயது நண்பர், அவர் மனைவி, மாணவர். நாற்பது அடி பின்னால் அப்பாவும் மகனும் நானும். எதிரே லேசான தாழ்வு ஒன்று, குறுக்கே நீளவாக்கில், தொட்டில் துணி தொய்ந்த மாதிரி. அதன் நடுவில் பனி மற்ற இடத்தைவிடச் சற்றுச் சாம்பல் நிறமாக இருந்தது. இவை எல்லாம் கண்ணில் பட்டன. எதற்கும் பொருள் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அடியில தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. இந்த எடம் பொக்கையா இருக்கும் போல" என்றார்.

நான் சொன்ன பதில்: "நிறைய பேர் நடந்திருக்காங்க அங்கிள். பயப்படாதீங்க."

இந்த நிகழ்வைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான். அவர் பயப்படவில்லை. தான் கேட்டதைச் சொன்னார். வயல் வரப்பில் நண்டு வளை போட்டுவிட்டால், மேலே புல் முளைத்து வரப்பு கெட்டியாகத்தான் தெரியும். தினமும் ஆள் நடப்பார்கள். அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் கால் வைத்ததும் உள்ளே போகும். அந்தச் சத்தத்தை நாற்பது வருடம் காதால் கேட்டுக் கண்டுபிடித்து அடைத்தவர் அவர். இதையெல்லாம் அன்று மாலை காரில்தான் சொன்னார். ஓடைக்கரையில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார். ஊரிலிருந்து வந்த பெரியவர், முதல் முறை பனியைப் பார்க்கிறார், அதனால் தயங்குகிறார் என்று என் மனம் முன்பே எழுதி வைத்திருந்தது. அவர் கொடுத்த தகவல் என் காதில் பயமாக விழுந்தது. அவரும் மறுபேச்சுப் பேசவில்லை. பழகிய பிள்ளைகள், வந்த நாட்டில் அவர்களுக்குத்தான் தெரியும் என்ற மரியாதை.

நான் சொல்லி முடிப்பதற்குள் முன்னால் போனவர் இடுப்பு வரை உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஐந்து நிமிடம்

சத்தமே இல்லை. இடது கால் போனது, அடுத்து வலது காலும். இரண்டு கையையும் விரித்துப் பனியின் மேல் ஊன்றி நின்றுவிட்டார். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீர். வலது பாதம் இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. பெரிய ஆபத்து குளிர் இல்லை. கை நழுவினால் தண்ணீர் ஆளைப் பனிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகும்.

மனைவி அவரிடம் ஓடப் பார்த்தார். "யாரும் கிட்ட போகாதீங்க, படுங்க!" என்று கத்தியது அப்பா. மாணவர் குப்புறப் படுத்துத் தன் நடைக்கம்பை நீட்டினார். பிடித்து இழுத்ததும் கம்பின் திருகு நழுவி, கீழ்ப்பாதி தனியாக நண்பரின் கையோடு போய்விட்டது. நீட்டிச் சுருக்கும் கம்புகள் இழுப்பதற்குச் செய்யப்பட்டவை இல்லை. அப்பா கழுத்துத் துண்டை எடுத்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு வீசினார். நண்பர் மாட்டிய பாதத்தை ஷூவோடு முறுக்கி எடுத்துக்கொண்டார். துண்டை நாங்கள் இருவர் படுத்தபடியே இழுத்தோம். அவர் வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தார். நான்கைந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

குளிர்

வந்த தடத்திலேயே ஒவ்வொருவராகப் பின்வாங்கி, பாறைகள் வெளியே தெரிந்த இடத்தில் உட்கார்ந்தோம். கெண்டைக்காலில் கல் கிழித்த காயம். வலது கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. காயத்தை அழுத்திக் கட்டினோம்.

நண்பர் "நான் நல்லாத்தான் இருக்கேன், நடக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பையின் ஜிப்பைத் திறக்க முயன்றதைப் பார்த்தேன். விரல் ஜிப்பின் நாக்கைத் தேடித் தேடி, பக்கத்துத் துணியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை. வாய் சொல்வதை நம்பக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும் என்று புரிந்தது அப்போதுதான். உடல் வெப்பம் இறங்கும்போது விரல் தடுமாறும், நாக்கு குழறும், கால் இடறும், அப்புறம்தான் மனிதர் பேசாமல் போவார்.

ஈர ஜீன்ஸைக் கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது. மழைக்கால்சட்டையும் கம்பளிச் சட்டையும் அவருக்கு. மகனின் உலர்ந்த காலுறை அவருக்கு. காலித் தோள்பைகளைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார வைத்தோம். ஈரத்தரை உடம்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சூடான காபி இரண்டு டம்ளர், பிறகு புளியோதரை. மனைவி கைகால்களைச் சூடு பறக்கத் தேய்க்கப் போனார். அது கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது, தடுத்தேன். கட்டிப்பிடித்து உட்காரச் சொன்னேன். பன்னிரண்டே காலுக்கு நடுக்கம் மிக அதிகமாக இருந்தது. நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்பதால் அதைப் பார்த்து ஒருவகையில் தைரியமாகவே இருந்தது.

பன்னிரண்டரைக்கு மேலிருந்து இருவர் வந்தார்கள். முகட்டுக்கு முன் பனி கால் புதைகிறது என்று பாதியில் திரும்பியவர்கள். அடுப்பு வைத்திருந்தார்கள், வெந்நீர் போட்டு பாட்டிலில் ஊற்றி, காலுறையில் சுற்றி அவர் அக்குளில் வைத்தார்கள். ஒரு பஞ்சு விரிப்பும் கொடுத்தார்கள்.

கூப்பிடலாமா, வேண்டாமா

சிக்னல் இல்லை. மாணவரின் போனில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருந்தது. அனுப்பவில்லை. காரணங்களை உள்ளபடி எழுதுகிறேன். "போலீஸெல்லாம் வேணாம்" என்றார் விழுந்தவர். மனைவிக்கு ஆம்புலன்ஸ் பில் பயம். அப்பாவின் விசிட்டர் விசாவுக்கு எதாவது ஆகுமோ என்று மகனுக்கு. என் கவலையும் அதே ரகம்.

வந்த இருவரில் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: இந்த மாநிலத்தில் தேடுதல், மீட்புப் பொறுப்பு அந்தந்த கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் என்ற காவல் தலைவருடையது, மலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், மீட்பதற்குக் காசு கேட்பதில்லை. ஆம்புலன்ஸும் மருத்துவமனையும்தான் வேறு கணக்கு. அவர் சொல்லும்போது நண்பர் எழுந்து, கணுக்காலில் ஓரளவு பாரம் கொடுக்க முடிந்தது. நடந்தே இறங்கலாம் என்று முடிவு செய்தோம். மாலை ஆறு மணிக்குள் காரில் இல்லையென்றால் செய்தி அனுப்புவது என்றும் பேசிக்கொண்டோம். அன்று நாங்கள் முன்கூட்டியே ஓர் எல்லை வைத்தது இதற்கு மட்டும்தான்.

ஒன்று பத்துக்குப் புறப்பட்டோம். பழைய தடத்தை விட்டு, வரைபடத்தைக் கையில் வைத்து, பக்கச் சரிவில் கோடைப் பாதைக்கு ஏறி அதையே பிடித்துக்கொண்டு இறங்கினோம். இருவர் தோளில் மாறி மாறித் தாங்கினோம். அந்த 1.7 மைலுக்கு மூன்று மணி நேரம். நான்கு ஐந்துக்குக் கார்.

பின்னர்

அன்று மாலையே மருத்துவரைப் பார்த்தோம். எலும்பு முறியவில்லை; கணுக்காலில் தசைநார் கிழிந்திருந்தது, கெண்டைக்காலில் ஐந்து தையல். ஆறு வாரம் கட்டு, அப்புறம் பயிற்சி. அப்பாவின் கால்விரல்கள் இரண்டு நாள் மரத்துக் கிடந்தன என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மகன்தான் கண்டுபிடித்தார். அன்று எங்கள் கவனமெல்லாம் விழுந்தவர் மேல். ஈரக்காலணியோடு ஆறு மணி நேரம் நடந்தவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது வேறு மாதிரி செய்வது

திரும்பும் இடத்தைக் கார் நிறுத்துமிடத்திலேயே, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். 'பனி ரொம்ப இருந்தால்' என்பது எல்லை இல்லை. 'பாதை தொடர்ந்து நூறு அடிக்குக் கண்ணில் படவில்லையென்றால் நிற்போம், வரைபடத்தைப் பார்ப்போம்' என்பது எல்லை. கூட்டத்தில் ஒருவரிடம் ஸ்பைக் இல்லையென்றால் யாருக்கும் இல்லை என்று கணக்கு. ஜீன்ஸோடு வந்தால் ஏரி அன்று கிடையாது. பக்கத்தில் தாழ்வான பாதைகள் நிறைய இருக்கின்றன.

பனியில் தாழ்வான இடம், நிறம் மாறிய இடம், தண்ணீர்ச் சத்தம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தாண்டுவதில்லை. கூட்டம் நிற்கும் இடத்தில் பேச்சை நிறுத்தி அரை நிமிடம் காது கொடுக்கிறோம். கடைசியாக வருபவரை முதலில் பேசவிடுகிறோம். பெற்றோரை அழைத்து வருபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: அவர்கள் ஏதாவது சொன்னால் தைரியம் சொல்வதற்கு முன், "என்ன பாத்தீங்க, என்ன கேட்டுச்சு?" என்று கேளுங்கள்.

உதவி கேட்பதில் என் கருத்து மாறிவிட்டது. ஆள் தண்ணீரிலிருந்து வெளியே வந்த உடனேயே செய்தி அனுப்பியிருக்க வேண்டும். மீட்புக் குழு அடிவாரத்திலிருந்து நடந்து வர எப்படியும் சில மணி நேரம் ஆகும். நடக்க முடிந்துவிட்டால், தேவையில்லை என்று அடுத்த செய்தி அனுப்பிக்கொள்ளலாம். அந்த இருவர் அடுப்போடு வந்திராவிட்டால், ஒரு மணிக்குமேல் கணுக்கால் தாங்காமல் போயிருந்தால், நாங்கள் வீணாக்கிய அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கில் நின்றிருக்கும்.

செப்டம்பரில் நானும் மாணவரும் ஏரிவரை போய்வந்தோம். கோடைப் பாதை நாங்கள் விழுந்த இடத்தின் பக்கமே வருவதில்லை. மேலே சரிவிலிருந்து பார்த்தால் கீழே தெரிகிறது, வெள்ளைக் கற்களுக்கு நடுவில் ஒல்லியான ஓடை. படம் எடுத்து அப்பாவின் மகனுக்கு அனுப்பினேன், அவர் ஊருக்கு அனுப்பினார். மறுநாள் அப்பா என்னையே போனில் கூப்பிட்டார். ஏரி எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. "அந்த எடத்துல இப்ப தண்ணி எவ்வளவு தம்பி?" என்றார். கணுக்கால் நனையும் அளவு என்றேன்.